விரும்பிய பாடமும் கட்டாயப் பாடமும் ஒரே வேளையில்: சட்ட மாணவி ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரும் கல்லூரியின் பெயரும் வெளியாக வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் படிப்பது பல்கலைக்கழகம் ஒன்றுடன் இணைக்கப்பெற்ற, அரசு உதவி பெறும் சட்டக் கல்லூரி. காப்புரிமை (பேட்டன்ட்), வணிகச்சின்னம், பதிப்புரிமை ஆகியவை அடங்கிய அறிவுசார் சொத்துரிமைத் துறையில் வழக்கறிஞராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பாடத்திட்டத்தில் விருப்பப் பாடங்களாகப் பதினான்கு அச்சிடப்பட்டுள்ளன. இந்தப் பருவத்தில் நடத்தப்படுபவை நான்கு மட்டுமே. வணிகப் போட்டியை ஒழுங்குபடுத்தும் போட்டிச் சட்டத்துக்குப் பதினொரு பேர்தான் பெயர் கொடுத்தார்கள் என்பதால் அதைத் திறக்கவில்லை. காப்புரிமைச் சட்டம் திறக்கப்பட்டது. ஆனால் இரு பிரிவுகளுக்கும் பொதுவாக நடக்கும் அந்த வகுப்பு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வருகிறது. அதே இரண்டு மணி நேரத்தில் அவருடைய 'பி' பிரிவுக்குக் கட்டாயப் பாடமான மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் வைக்கப்பட்டுள்ளது. இந்தச் சிக்கலில் சிக்கியவர்கள் அவரையும் சேர்த்து ஏழு பேர். வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் சொன்னபோது "இந்த ஒரு செமஸ்டர் எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது; முதல்வரைப் பார்த்தபோது "அடுத்த முறை பார்க்கலாம்" என்றார். காப்புரிமையை விட்டுவிட்டால் அவருக்குக் கிடைக்கக்கூடிய மாற்று, காப்பீட்டுச் சட்டம்.

அவர் என்னிடம் கேட்பவை இவை. மொத்த வருகை 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், வியாழக்கிழமைகளில் மாதிரி நீதிமன்ற வகுப்பைத் தவிர்த்துவிட்டுக் காப்புரிமை வகுப்பில் அமரலாமா? வேறொரு நிறுவனத்தில் அறிவுசார் சொத்துரிமைப் பட்டயப் படிப்பில் மாலை வேளையில் சேரலாமா? பாடங்களை அச்சிட்டுவிட்டு நடத்தாத கல்லூரிமீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்துக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா? இறுதியாக, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியிருக்கும் வரி: "இந்தப் பேப்பர் என் மதிப்பெண் பட்டியலில் இல்லாவிட்டால், இந்தத் துறைக்குள் நான் நுழையவே முடியாது அல்லவா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மனக்குறை நியாயமானது. கல்லூரி தானே அச்சிட்ட பாடத்தை, தானே வகுத்த அட்டவணையால் படிக்க முடியாமல் செய்திருப்பது மாணவர்கள் சமாளித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அன்று. நிர்வாகம் சரிசெய்ய வேண்டிய விஷயம். அதே வேளையில், நீங்கள் யோசித்திருக்கும் மூன்று வழிகளுமே உங்களுக்குக் கேடு விளைவிக்கக்கூடியவை அல்லது பயன் தராதவை. நீங்கள் கடிதத்துடன் இணைத்திருக்கும் கால அட்டவணையிலேயே எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. அதற்கு வருமுன், உடனடி ஆபத்து இருப்பது வருகைப் பதிவில் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வருகை பாடவாரியாகக் கணக்கிடப்படுகிறது

இந்தியாவில் சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இந்திய பார் கவுன்சிலுக்கு அளித்திருக்கிறது. அக்கவுன்சில் இயற்றிய 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில் 12ஆம் விதியை நீங்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். ஒரு பாடத்தின் பருவ இறுதித் தேர்வை எழுத, அந்தப் பாடத்தில் நடந்த வகுப்புகளில் குறைந்தது 70 விழுக்காட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். விதிவிலக்கான காரணம் இருந்தால் முதல்வர் தளர்வு தரலாம். ஆனால் அதற்கும் அந்தப் பாடத்தில் 65 விழுக்காடும், எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 விழுக்காடும் இருந்தாக வேண்டும். மொத்த வருகை உயர்ந்திருப்பது அந்தத் தளர்வுக்கான நிபந்தனைகளுள் ஒன்று, அவ்வளவுதான். தனிப்பாடத்தில் விழும் பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பில் இரண்டு மணி நேரம் போனால் மொத்த வருகை 93 விழுக்காடு. இதைப் பார்த்துத்தான் நீங்கள் தைரியமாக இருக்கிறீர்கள். இனி மாதிரி நீதிமன்றப் பயிற்சியை மட்டும் பாருங்கள். செவ்வாய் இரண்டு மணி, வியாழன் இரண்டு மணி என்று வாரத்துக்கு நான்கு மணி நேரம். ஒருங்கிணைந்த ஐந்தாண்டுப் படிப்பின் பருவம் விதிப்படி 18 வாரங்களுக்குக் குறையக்கூடாது. ஆக 72 மணி நேரம். இதில் 70 விழுக்காட்டை எட்ட 51 மணி நேரமும், 65 விழுக்காட்டை எட்ட 47 மணி நேரமும் தேவை. எல்லா வியாழக்கிழமைகளையும் விட்டுவிட்டால் உங்களிடம் இருக்கப்போவது 36 மணி நேரம், அதாவது சரிபாதி. முதல்வர் மனமிரங்கினாலும் அவருடைய அதிகாரம் அவ்வளவு தூரம் எட்டாது.

வருகை மட்டுமல்ல, மதிப்பெண்ணும் இதில் அடங்கியிருக்கிறது. பார் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் மாதிரி நீதிமன்றமும் களப்பயிற்சியும் அடங்கிய தாளில் 30 மதிப்பெண் மாதிரி வழக்குகளுக்கும், 30 மதிப்பெண் நீதிமன்ற விசாரணைகளை நேரில் கண்டு குறிப்பெழுதுவதற்கும், 30 மதிப்பெண் கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கைத் தயாரிக்கும் பயிற்சிக்கும், 10 மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பகுதியை ஒரே நாளில் உட்கார்ந்து தேர்வாக எழுதிவிட முடியாது. அந்தந்த நாளில் அங்கே இருந்து செய்ய வேண்டும்.

"சார் அட்டெண்டன்ஸ் போட்டுக்கொடுத்துவிடுவார்" என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்காதீர்கள். வராத வகுப்புக்கு வந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது பொய்யான ஆவணத்தை உருவாக்குவது. பின்னாளில் ஒரு புகாரோ ஆய்வோ வந்தால், பேராசிரியரைவிட அதிகம் இழக்கப்போவது வழக்கறிஞராகப் பதிவு செய்யக் காத்திருக்கும் நீங்கள்தான்.

வருகைக் குறைவுக்காகச் சட்ட மாணவர்களைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக்கூடாது என்று 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தியையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வருகை விதிகளை மறுஆய்வு செய்யுமாறு பார் கவுன்சிலுக்கும் அந்நீதிமன்றம் அறிவுறுத்தியது. மாணவர்களின் மனநலத்தைக் கருதி எழுந்த அந்த உத்தரவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதை நம்பி வகுப்பைத் தவிர்ப்பது விவேகமாகாது. உங்கள் பல்கலைக்கழகம் தன் ஒழுங்குமுறைகளை மாற்றி அறிவிக்காதவரை, தேர்வு அனுமதிச் சீட்டை உங்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அலுவலகம் பழைய விதியைத்தான் மேசைமேல் வைத்திருக்கும். அதை எதிர்த்து நீதிமன்றம் போவதற்குத் தேர்வுக்கு முந்தைய வாரம் உகந்த நேரமன்று.

கல்லூரிக்குச் செலவு வைக்காத ஒரு வேண்டுகோள்

இப்போது உங்கள் கால அட்டவணைக்கு வருகிறேன். 'ஏ' பிரிவுக்கு மாதிரி நீதிமன்றப் பயிற்சி திங்கள், புதன் பிற்பகல்களில் நடக்கிறது. புதன் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை உங்கள் 'பி' பிரிவுக்கு அட்டவணையில் எழுதியிருப்பது "நூலகம்". ஆக, நீங்கள் ஏழு பேரும் வியாழனுக்குப் பதிலாகப் புதனன்று 'ஏ' பிரிவுடன் அமர்ந்துவிட்டால் மோதலே இல்லை. புதிய ஆசிரியர் வேண்டாம், புதிய அறை வேண்டாம், வேறு எந்த வகுப்பையும் நகர்த்த வேண்டாம். செய்ய வேண்டியதெல்லாம் அந்த வருகையை உங்கள் பிரிவின் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி முதல்வர் இடும் ஓர் உத்தரவு மட்டுமே.

இதை ஏன் நிர்வாகமே யோசிக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அட்டவணை போடுபவர் பெரும்பாலும் முழுநேரம் பாடமும் நடத்தும் ஒரு பேராசிரியர். ஒரே ஆசிரியர் மூன்றாண்டுப் படிப்புக்கும் ஐந்தாண்டுப் படிப்புக்கும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். கௌரவ விரிவுரையாளர் வேறிடத்தில் பணி முடித்து வரக்கூடிய நாள்கள் குறைவாக இருக்கும். அரியர் வைத்திருக்கும் மாணவர்களின் பாடங்களும் குறுக்கே வரும். முதலில் கட்டாயப் பாடங்களை அடைத்துவிட்டு, எஞ்சிய கட்டங்களில் விருப்பப் பாடங்களைச் செருகுவதுதான் வழக்கம். அப்படிச் செருகும்போது ஏழு பேருக்கு மட்டும் ஏற்படும் மோதல் கண்ணில் படாமல் போவது இயல்பு. உங்கள் கடிதத்தில் "வேண்டுமென்றே தட்டிக்கழிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தந்திருக்கும் விவரங்களில் அதற்கு ஆதாரம் எதையும் நான் காணவில்லை. நீங்கள் இதுவரை வாய்மொழியாக, அதுவும் "டைம்டேபிள் இடிக்கிறது" என்று குறையாக மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள். முதல்வர் ஒரே கையெழுத்தில் முடித்துவைக்கக்கூடிய ஒரு வேண்டுகோளாக அது இன்னும் அவர் மேசைக்குப் போகவில்லை.

மனுவைச் சுருக்கமாக எழுதுங்கள். இந்த அளவு போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, நான்காம் ஆண்டு 'பி' பிரிவில் காப்புரிமைச் சட்டத்தை விருப்பப் பாடமாகத் தேர்ந்துள்ள, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஏழு பேரும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. வியாழக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை எங்கள் பிரிவின் மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் காப்புரிமைச் சட்ட வகுப்பும் ஒரே வேளையில் அமைந்துள்ளன. இரண்டு பாடங்களிலும் தனித்தனியே 70 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால் இரண்டையும் நிறைவு செய்ய இயலாத நிலையில் உள்ளோம். புதன்கிழமை அதே வேளையில் எங்கள் பிரிவுக்கு நூலக நேரம் மட்டுமே உள்ளதால், அன்று 'ஏ' பிரிவுடன் மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் கலந்துகொள்ள அனுமதித்து, அவ்வருகையை எங்கள் பதிவேட்டில் சேர்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம்."

கீழே ஏழு பேரின் பெயர், பதிவெண், கையொப்பம், தேதி. பின்னிணைப்பாக மோதல் வரும் கட்டத்தையும் காலியாக இருக்கும் கட்டத்தையும் வட்டமிட்ட கால அட்டவணை. இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பாட ஆசிரியர்களிடமும் மனுவைக் காட்டி "எங்களுக்கு மறுப்பில்லை" என்ற சொல்லை வாங்கிவிட்டால், முதல்வர் யாரிடமும் கருத்துக் கேட்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

'ஏ' பிரிவில் எண்ணிக்கை கூடிவிடும் என்று மறுத்தால், காப்புரிமை வகுப்பைக் காலையில் முன்கூட்டி நடத்தக் கேளுங்கள். விடுதியிலேயே அனைவரும் தங்கிப் படிக்காத கல்லூரிகளில் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை வகுப்புகள் நடத்தலாம் என்று பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. உங்கள் கல்லூரி பத்து மணிக்குத் தொடங்குவது அதன் வழக்கமே ஒழிய, சட்டம் இட்ட எல்லை அன்று. இருப்பினும் தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு எட்டு மணி வகுப்பு பெரும் சுமை என்பதால் இதை இரண்டாவது வேண்டுகோளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவுக்கு விடை வரும்வரை என்ன செய்வது? காப்புரிமைக்கும் வாரத்துக்கு நான்கு மணி நேர வகுப்பு என்பதால், ஒரு வியாழன் மாதிரி நீதிமன்றம், அடுத்த வியாழன் காப்புரிமை என்று மாற்றி மாற்றி அமர்ந்தால், பருவ முடிவில் இரண்டு பாடங்களிலும் 72க்கு 54 மணி நேரம், அதாவது 75 விழுக்காடு கிடைக்கும். விதி கேட்பதைவிட மூன்று மணி நேரம் கூடுதல். உங்கள் வகுப்புகள் இரண்டு மணி நேரம் கொண்டவை என்பதால், காய்ச்சலென்று அந்தப் பாடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம். இரண்டாவது நாள் எடுத்தால் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள். அவ்வளவு மெல்லிய இடைவெளியில் ஒரு பருவம் முழுவதையும் ஓட்ட வேண்டாம். மூன்று நான்கு வாரங்களைக் கடத்துவதற்கு, ஆசிரியர்கள் இருவருக்கும் தெரிவித்துவிட்டு, இது பயன்படும்.

போட்டிச் சட்டமும், கல்லூரி தர வேண்டியதன் எல்லையும்

பாடத்திட்டத்தில் அச்சிட்ட பதினான்கு பாடங்களையும் நடத்தியே தீர வேண்டும் என்பது உங்கள் எண்ணம். விதிகள் அப்படிச் சொல்லவில்லை. அரசமைப்புச் சட்டம், வணிகச் சட்டம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை என்று பல தொகுதிகளாக விருப்பப் பாடங்களைப் பார் கவுன்சில் வகுத்து, அவற்றிலிருந்து குறைந்தது ஆறு தாள்களைக் கேட்கிறது. ஆனால் சிறப்புப் பட்டமாக அல்லாத பொதுவான சட்டப் படிப்பில், சில பொதுத் தாள்களை மட்டும் தேர்ந்து நடத்தும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுவைத்திருக்கிறது. ஆகவே போட்டிச் சட்டத்தைத் திறக்காதது மட்டுமே விதிமீறல் ஆகாது.

ஆனால் கேட்பதற்கு இடமுண்டு. "பதினொரு பேர் போதாது" என்ற எண்ணிக்கை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பல்கலைக்கழக ஒழுங்குமுறையிலா, கல்லூரிக் குழுவின் தீர்மானத்திலா, அல்லது வாய்வழக்கிலா? வாய்வழக்கு என்றால் அதைத் தளர்த்துவது எளிது. உங்கள் கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்பிலும் இதே பாடம் விருப்பப் பட்டியலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாணவர்களில் விருப்பமுள்ளவர்களையும் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தக் கேட்கலாம். நடத்த ஆளில்லை என்பதே உண்மையான காரணமானால், அத்துறையில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரைக் கௌரவ விரிவுரையாளராக அழைக்கும் யோசனையை மனுவில் சேருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பருவத்தில் இதற்குக் காலம் கடந்துவிட்டது. விருப்பப் பாடங்களைக் குறித்த முடிவு முந்தைய பருவத்தின் இறுதியில், ஆசிரியர்களின் பணிச்சுமையைப் பிரிக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. மாணவர்கள் அட்டவணை ஒட்டப்பட்ட பிறகுதான் குரல் எழுப்புகிறார்கள். அந்நேரம் நிர்வாகம் நினைத்தாலும் எல்லாவற்றையும் பிரித்துப் போட முடிவதில்லை. ஐந்தாம் ஆண்டுக்கான பட்டியலைப் பற்றி இப்போதே, கையொப்பங்களுடன், முன்னுரிமை வரிசையுடன் மனுக் கொடுங்கள். உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் உங்களுக்குப் பின் வருபவர்களுக்குக் கிடைக்க வழியுண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கதவையும் சொல்கிறேன். பார் கவுன்சிலின் 13ஆம் விதி இடையில் சேர்வதையும் இடையில் விலகுவதையும் தடை செய்கிறது; அதே விதியின் பிற்பகுதி, எவரும் ஏதேனும் ஒரு பாடத்தை மட்டும் ஒழுங்காக வகுப்புக்கு வந்து, தேர்வும் எழுதி, பங்கேற்புச் சான்றிதழ் பெறப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம் என்கிறது. அது உங்கள் பட்டத்துக்கான மதிப்பெண்ணாகாது. என்றாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையிலோ வேறொரு கல்லூரியிலோ போட்டிச் சட்டம் நடந்தால், நேரம் ஒத்துவரும் பட்சத்தில் இப்படி அமர அனுமதி கேட்டுப் பதிவாளருக்கு எழுதலாம்.

மாலை நேரப் பட்டயப் படிப்பு

இதில் நீங்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைத் தொடரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மை. ஆனால் சட்டப் படிப்புக்குப் பார் கவுன்சிலின் 6ஆம் விதி இருக்கிறது. சட்டப் பட்டப் படிப்பில் பதிவு செய்தவர் அதே காலத்தில் வேறு பட்டப் படிப்பிலோ சான்றிதழ்ப் படிப்பிலோ சேரக்கூடாது என்பது பொதுவிதி. மொழி, கணினி ஆகியவற்றில் குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்புகளுக்கும், பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையம் நடத்தும் படிப்புகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நிறுவனம் நேரடி வகுப்பு நடத்துவது, ஓராண்டு நீள்வது. அது இந்த விலக்கில் அடங்காது. கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

பட்டயம்தான் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். சேருமுன் கல்லூரிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். அறிவுதான் வேண்டுமென்றால் அதற்குச் செலவே தேவையில்லை. ஒன்றிய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பேராசிரியர்களின் பாடங்களைக் கேட்கலாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பயிற்சிக் கழகம் அறிமுகப் பாடமொன்றைத் தொலைநிலையில் இலவசமாக நடத்துகிறது. 'ஸ்வயம்' பாடத்தை உங்கள் விருப்பப் பாடத்துக்கு ஈடாக ஏற்பதும் ஏற்காததும் பல்கலைக்கழகத்தின் முடிவு. எழுத்து மூலம் ஒப்புதல் கிடைக்காதவரை ஈடாகும் என்று எண்ணிக்கொண்டு வகுப்புப் பாடத்தைக் கைவிட வேண்டாம்.

வழக்கு என்ற யோசனை

நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு நிற்காது என்பதே என் கருத்து. தேர்வு நடத்தும் வாரியம் நுகர்வோர் சட்டம் சொல்லும் 'சேவை' வழங்குபவர் ஆகாது என்று பீகார் பள்ளித் தேர்வு வாரியம் தொடர்பான வழக்கில் 2009இலும், கல்வி விற்பனைப் பொருளன்று என்ற அடிப்படையில் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2010இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி வழங்கும் பணி நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வும் 2020 ஜனவரியில் கூறியது.

உங்களுக்கு உரிய மன்றம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் பெற்ற 15 வேலை நாள்களுக்குள் அக்குழு அறிக்கை தருவதே முறை. முடிவு திருப்தி தராவிட்டால் 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாள்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். சேர்க்கையின்போது உறுதியளித்த தரமான கல்வியை மறுப்பதும், தவறான எண்ணத்தை உண்டாக்கும் விவரங்களைச் சேர்க்கை விளக்கக் கையேட்டில் வெளியிடுவதும் அந்த ஒழுங்குமுறைகள் 'குறை' என்று வரையறுப்பவற்றில் அடங்கும். ஆகவே நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேட்டைத் தேடி எடுங்கள். "அறிவுசார் சொத்துரிமையில் சிறப்புப் பயிற்சி" என்பது போன்ற உறுதிமொழி அதில் இருந்தால் உங்கள் புகாருக்கு வலு கூடும். வெறும் பாடப்பட்டியல் மட்டும் இருந்தால் அந்த வலு இருக்காது.

ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதல்வருக்குக் கொடுத்த மனுவுக்கு இரண்டு வாரங்களில் பதில் இல்லையென்றால் குறைதீர் குழு. அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். அரசு நிதியில் கணிசமாக இயங்கும் தனியார் கல்வி அமைப்புகளும் அச்சட்டத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்தியுள்ளது. 10 ரூபாய்க் கட்டணத்தில், ஒப்பளிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பாதவை எத்தனை, விருப்பப் பாடத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை வகுத்த தீர்மானத்தின் நகல் எங்கே என்று கேட்டால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவது கடைசி வழி. பாடம், அட்டவணை போன்ற கல்விசார் முடிவுகளில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. நீங்கள் எழுத்து மூலம் கேட்டும் காரணமின்றி மறுக்கப்பட்டது என்ற ஆவணம் இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பொருளில்லை.

"இந்தத் துறைக்குள் நுழையவே முடியாதா?"

நுழையலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு பதிவுக்குக் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டத்தை. எந்த விருப்பப் பாடம் படித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. சட்டப் பட்டதாரிகள் வழக்கறிஞர் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்விலும் 100 கேள்விகளில் அறிவுசார் சொத்துரிமைக்கு வருபவை இரண்டே. காப்பீட்டுச் சட்டம் படித்த வழக்கறிஞர் வணிகச்சின்ன வழக்கு நடத்தக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத வேறொரு தடை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படிப்பு முடிந்ததும் காப்புரிமை முகவராக, அதாவது காப்புரிமை அலுவலகத்தில் பிறர் சார்பில் விண்ணப்பித்துச் செயல்படுபவராக, பதிவு செய்துகொள்ளப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 126ஆம் பிரிவில், அப்பதிவுக்கு அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. உங்களுடையது பி.ஏ., எல்எல்.பி. காப்புரிமைச் சட்டத் தாளில் நீங்கள் முதல் மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் பதிவு கிடைக்காது. தாளை இழந்துவிடுவோமோ என்று பதறிய நீங்கள், இதை யாரும் சொல்லாததால் மூன்று ஆண்டுகளாக ஒரு தவறான திட்டத்தை மனத்தில் வைத்திருந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் துறையே மூடிவிட்டது என்று பொருளில்லை. வணிகச்சின்னப் பதிவகத்தில் கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் என்ற தகுதியிலேயே செயல்படலாம்; பதிப்புரிமை வழக்குகள் முழுவதும் திறந்திருக்கின்றன; காப்புரிமை மீறல் வழக்குகளில் நீதிமன்றத்தில் வாதாடுபவர்களும் வழக்கறிஞர்களே. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் அதன் பணிகளில் பெரும்பகுதி உயர் நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டது. தில்லி, சென்னை உயர் நீதிமன்றங்களில் இதற்கென்றே தனிப்பிரிவுகள் அமைந்துள்ளன. ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரக் களப்பயிற்சி கட்டாயம், ஓராண்டில் தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேல் கூடாது என்பது விதி. உங்களுக்கு இன்னும் எட்டு வாரங்கள் மீதமிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆண்டின் நான்கு வாரங்களை வணிகச்சின்ன வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் கழியுங்கள். எதிர்ப்பு மனு ஒன்றுக்கு விடையறிக்கை தயாரிப்பதை அருகிலிருந்து பார்த்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மனுவில் ஏழு பேரும் கையொப்பமிட்டபின் அதை இந்தப் புதன்கிழமை நூலக நேரத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அந்த வேளை உங்கள் பிரிவுக்குக் காலியாக இருக்கிறது என்பதை அலுவலகம் நேரிலேயே பார்க்கட்டும்.